இல்லாத புளோக்கில் வைத்த பிணம்

ஜேசுதாசன் ஒரு கொலையை எழுதுவதற்கு முன்னால் இடம் பார்க்க ஞாயிற்றுக்கிழமை முழுக்க நடப்பார். ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் முப்பது வருஷம் ஸ்டோர் கிளார்க்காக இருந்தவர்; வேலை முடிந்த நேரத்தில் தமிழில் பதினொரு துப்பறியும் நாவல்கள். முதல் நாவலில் நிஜமான அடுக்குமாடி புளோக் ஒன்றின் எண்ணைப் போட்டுவிட்டார். அங்கே வீடு விற்கவிருந்த ஒருவர் தேடி வந்து, "பொணத்த எங்க மாடியில போட்டா எவன் சார் வாங்குவான்?" என்று சண்டை பிடித்தாராம். அதிலிருந்து, எண் வரிசையில் விட்டுப்போன புளோக்காகப் பார்த்துத்தான் பிணம் வைப்பார்.

அவர் வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறேன். வந்த புதிதில், அவர் கதை எழுதுகிறவர் என்று தெரியாமல், மேசைமேல் கிடந்த அவர் நோட்டைப் பார்த்துவிட்டேன். புளோக், மாடி, 'இங்கே கேமரா இல்லை'. இங்கே தங்கி வேலை செய்வதற்கான என் பாஸைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்த மாதம். போலீஸ் கேட்டால் என்ன சொல்வது என்று மூன்று நாள் யோசித்த பிறகே அவரிடம் கேட்டேன்.

போன மாதம் பரீதா என்ற வாசகி போன் செய்தார். சுவா சூ காங்கில் அவருக்குப் புது வீடு. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் ஜேசுதாசன் ஒரு நாவலுக்காகத் தேர்ந்தெடுத்த காலி எண்ணில் இப்போது கட்டடம் எழும்பிவிட்டது. அதே ஆறாவது மாடி, அதே கதவு எண். எண்ணை நான் எழுதப்போவதில்லை, ஆள் குடியேறுகிற வீடு. பரீதாவோடு இருக்கப்போகிற அவர் உம்மா அந்த நாவலை இரண்டு தரம் படித்தவர். வாசலைத் தாண்ட மாட்டேன் என்கிறாராம்.

"நீங்களே வந்து பேசுங்க அங்கிள். நான் சொன்னா கேக்கறதில்ல."

துணைக்கு நானும் போனேன். உம்மா பையோடு நடைபாதையில் நின்றிருந்தார்.

"கதைதானேக்கா," என்றார் ஜேசுதாசன்.

"கதைன்னு எனக்குத் தெரியாதா? அடுப்பு பத்த வைக்கறப்பல்லாம் அடுப்படியில செத்துக் கிடந்த அந்தப் பொண்ணுதான் ஞாபகம் வருவா. அப்படி எழுதி வச்சிருக்கீங்க."

ஜேசுதாசன் உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். முகம் தொங்கியிருந்தது. அவருக்குப் பெயர் வாங்கித் தந்ததே அந்த நாவல்தான். ஓர் ஓட்டை இல்லை என்று வாசகர்கள் கடிதம் போட்ட நாவல். உம்மா பக்கம் திரும்பினார்.

"அக்கா, இந்த வீட்டுல அவன் கொலை பண்ணவே முடியாது லா. என் கதையில அந்தக் காலத்து லிப்ட், ஆறாவது மாடியில நிக்காது. அஞ்சுல இறங்கிப் படியேறி வர்றான், யாரும் பாக்கல. இங்க எல்லா மாடியிலயும் நிக்குது."

"கத்தி?"

"சமையக்கட்டு குப்பைக் குழாய்ல போட்டான், நேரா கீழ தொட்டிக்குப் போயிடும். இங்க அந்தக் குழாய் வெளிய, லிப்ட் பக்கம். ரத்தக் கத்தியோட எட்டு வீட்டத் தாண்டிப் போவானா?"

உம்மா யோசித்தார். "மாட்டிக்குவான்."

"பதினஞ்சாம் பக்கத்துலயே. அதுக்கப்புறம் கதையே இல்ல."

"சமையக்கட்டுல குப்பைக் குழாய் இல்லாம வீடு கட்டுவாங்களா? சும்மா சொல்றீங்க."

"போய்ப் பாருங்களேன்."

"எந்தப் பக்கம்?" என்று கேட்டுக்கொண்டே உம்மா செருப்பைக் கழற்றினார்.