மறியலைத் தாண்டிப் போன கம்ப்யூட்டர் பரீட்சை

கள்ளக்குறிச்சியில் இரண்டு மாடிக் கட்டடம், சங்கராபுரம் சாலையில் அரிசி ஆலை, பாறைதான் வரும் என்று ஊரே சிரித்த இடத்தில் வற்றாத கிணறு. மூன்றையும் கட்டியவன் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான். அதற்காக யாரும் எனக்கு மாலை போட வேண்டாம். போகிற போக்கில் பார்த்தாலே தெரியும். பார்த்தால் தெரியாத ஒன்றையும் கட்டினேன். அதைச் சொல்லத்தான் உங்களை உட்கார வைத்திருக்கிறேன்.

நேற்று மருமகள் புது லேப்டாப் பெட்டியைப் பிரித்தாள். தெர்மகோலும் பிளாஸ்டிக்கும் கலந்த அந்த வாசனை என்னை நேராக என் தட்டச்சுப் பயிலகத்தின் பின்னறைக்குக் கொண்டுபோய்விட்டது. எங்கள் பக்கத்துக்கு முதலில் வந்த கம்ப்யூட்டர் அங்கேதான் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆயுத பூஜைக்கு நான் திரையிலேயே சந்தனப் பட்டை போட்டேன். சிரிக்காதீர்கள், சாமி மாதிரிதான் இருந்தது.

பல்கலைக்கழகம் கறாராகச் சொல்லியிருந்தது: முதல் தேர்வில் ஐந்து பேராவது சான்றிதழ் வாங்கினால்தான் என் கம்ப்யூட்டர் பயிற்சி மையம் நிலைக்கும். என்னிடம் இருந்ததே ஐந்து பேர்தான். அதில் கல்வராயன் மலையிலிருந்து வந்த செல்லம்மாவைக் கண்டால் டீக்கடைக்காரருக்கு ஒரே கேலி: “மலைக்கு இன்னாத்துக்கும்மா கம்ப்யூட்டரு? தெனைய எண்ணப் போறியா?”

“எண்றதுக்கு இல்லண்ணே, ஏமாறாம இருக்கறதுக்கு” என்பாள்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த காலம் அது. தேர்வு திருக்கோவிலூரில். அன்றைக்குப் பார்த்துச் சாலை மறியல், ஒரு பஸ்கூட ஓடவில்லை. விடுவேனா? விடியும் முன்னே மூன்று சைக்கிள்களில் கிளம்பினோம். என்னையும் சேர்த்து ஆண்கள் மூவர் மிதிக்க, பெண்கள் மூவரும் பின்னால். என் சைக்கிளில் செல்லம்மா.

தியாகதுருகம் தாண்டியதும் சாலையின் குறுக்கே புளியமரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். அதன்மேல் பத்துப் பதினைந்து பேர்.

“யோவ், திரும்பு. ஒண்ணும் போவாது.”

“கம்ப்யூட்டர் பரிட்சைக்குப் போய்க்கினு இருக்கோம் தம்பி.”

“இன்னா பரிட்சையா இருந்தா எங்களுக்கு இன்னா? நாங்க யாருக்கோசரம் ரோட்ல கெடக்கறோம்?”

செல்லம்மா இறங்கினாள். “வேலைல எடம் வோணும்னுதானண்ணே கெடக்கறீங்க? எடம் கெடச்சா குந்தறதுக்கு ஆள் வாணாமா?”

நான் சொல்ல வாயெடுத்ததைத்தான் அவள் முந்திச் சொல்லிவிட்டாள். மரத்தின்மேல் இருந்த பெரியவர் சிரித்துவிட்டார். “அந்தப் பொண்ணு சொல்றதும் நாயந்தான். தூக்குங்கடா சைக்கிள.” அவர்களே தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். அடுத்த மறியலுக்கும் ஆள் அனுப்பி எங்களை விடச் சொன்னார்கள்.

தேர்வு அறையில் வேறு சோதனை. எங்கள் ஊரில் கரண்ட் இருக்கிற நேரம் கம்மி. பாதிப் பழக்கம் தட்டச்சு இயந்திரத்தில்தான். அதில் ஒரு வரி முடிந்தால் இடக்கையால் உருளையைத் தள்ள வேண்டும். செல்லம்மாவுக்கு முதல் வரி முடிந்ததும் கை தானாகப் போய்த் திரையைத் தள்ளியது. பெட்டி சரிய, கண்காணிப்பாளர் பாய்ந்து பிடித்தார்.

“இன்னொரு தபா தள்ளுன, எழுந்து வெளிய போய்டணும்!”

சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருத்தி போனால் மையமே போச்சு. அவளோ முந்தானையை இழுத்து இடக்கையை இடுப்போடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள். ஒற்றைக் கையாலேயே தட்டி முடித்தாள். ஐந்து சான்றிதழும் வந்தன. மையம் நின்றது. அதற்குப் பின் அங்கே படித்து வேலைக்குப் போனவர்கள் எத்தனையோ பேர்.

இன்று அந்தப் பின்னறை செல்போன் கடை. இயந்திரங்கள் பழைய இரும்புக்குப் போயின. அந்தச் சாலையில் நிழலுக்கு ஒரு புளியமரம்கூட இல்லை. செல்லம்மா அரசு அலுவலகத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றாள். அந்த ஐவரும் மேடை ஏறினால் “சொந்த முயற்சியால் வந்தோம்” என்கிறார்கள். வந்தீர்கள், மறுக்கவில்லை. மறியல்காரரிடம் பேசியதும் நீங்கள்தான், கையைக் கட்டிக்கொண்டு தட்டியதும் நீங்கள்தான். ஆனால் திருக்கோவிலூர் வரைக்கும் மிதித்தவன் யார்? அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் செத்த பிறகு படத்துக்கு முன்னால் வேண்டாம். முன்வரிசையில் உட்கார்ந்து என் காதால் கேட்கிறபோதே, பெயரைச் சொல்லிச் சொல்லுங்கள்.