கொய்யாக் கப்பம்

திண்டுக்கல் மலைக்கோட்டை வாசலில் டிக்கெட் வாங்கிக்கொண்டு நிற்கிறேன். நாயக்கர்கள் கட்டினார்கள், மைசூர்க்காரர்கள் பிடித்தார்கள், அவர்களிடமிருந்து வெள்ளைக்காரர்கள் பிடுங்கிக்கொண்டார்கள் என்கிறது பலகை. இப்போது யாருடைய ஆட்சி என்பதைப் பலகைக்குக் கீழே கூடை வைத்திருக்கும் கொய்யாக்கார அக்காவிடம்தான் கேட்க வேண்டும்.

கடை விரித்ததும் முதல் பழம் மதில்மேல் இருக்கும் குரங்குத் தலைவனுக்கு. அது வாங்கிக்கொண்டால் மற்றவை கூடைப் பக்கம் வராது. வழக்கம்போல அக்கா, காது கிழிந்த கிழட்டுக் கடுவனிடம் பழத்தை நீட்டுகிறார். அது வாங்காமல் வேறெங்கோ பார்க்கிறது. அதற்குள் தடித்த குரங்கு ஒன்று குதித்துக் கூடையைக் கவிழ்க்கிறது. ஆயக்குடிக் கொய்யா படியெல்லாம் உருள்கிறது.

"அய்யய்யோ, ஆளு மாறிப்போச்சா! நேத்து வரைக்கும் அதுதேன் சார் பெரியாளு."

பொறுக்கியதில் பெரிய பழத்தைத் தடியனுக்குக் கொடுக்கிறார். அது மதிலேறி உட்கார, கூட்டம் ஒதுங்குகிறது. பிறகு நசுங்கிய பழம் ஒன்றைக் கிழவனுக்கும் போடுகிறார்.

"அதுக்கு எதுக்குக்கா? அதான் பதவி போயிருச்சே?"

"இது எம்புட்டு நாளைக்குன்னு யாருக்குத் தெரியும்? அதையும் எதுக்குப் பகைச்சுக்கிட்டு?"

எனக்கு ஒரு பழம் கேட்கிறேன். அக்கா கோட்டை உச்சியை ஒரு தடவை அண்ணாந்து பார்க்கிறார்.

"ரெண்டா வாங்கிக்கங்க சார். மேல வேற ராஜா."