வலப்பக்கத்துப் பிள்ளை

என் மனைவியின் வயிற்றில் இருந்த இரண்டு குழந்தைகளில் ஒன்றோடு நான் இரண்டு மாதம் பேசாமல் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் பேச்சை நிறுத்துவது புதிதல்ல. வேலித் தகராறில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருபது வருஷம் ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களெல்லாம் எதிராளி பிறக்கும்வரையாவது காத்திருந்தார்கள்.

எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. அவளுக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் நான் நூலகர். பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுவது உபதொழில். கல்யாணமாகிப் பல வருஷம் வைத்தியம் பார்த்து, அலுத்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டோம். கேட்பவர்களிடம் சொல்வதற்கு ஒரு பதிலையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தோம். அதற்குப் பிறகு தானாகவே உண்டாயிற்று, அதுவும் இரண்டு. பக்கத்து வீட்டு அக்கா மதில் மேலாக எட்டிப் பார்த்து, "ஏட்டி, ரெட்டப்பழம் எதுவும் தின்னியா?" என்று கேட்டாள். பழக்கடைக்காரர் மட்டிப்பழச் சீப்பைக் கையில் கொடுக்கும்போது ஒருமாதிரி மரியாதையோடு கொடுத்தார். நான் தெருவில் நடந்த நடையைப் பார்த்தால் இரண்டையும் நானே சுமக்கிறேன் என்று தோன்றியிருக்கும்.

மூன்றாம் மாதம் ஸ்கேன். அறைக்குள் என்னையும் விட்டார்கள். டாக்டர் என்னைவிடச் சற்று வயதில் மூத்த பெண்மணி, அதிகம் பேசாதவர். மனைவி படுத்திருக்க, நான் சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு நிலக்கடலைப் பருப்புகள் போல ஏதோ அசைந்தன. டாக்டர் ஒன்றை அளந்தார். மற்றதை அளந்தார். பிறகு அதையே திரும்பத் திரும்ப அளந்தார். ஒருவர் ஒரே பக்கத்தை மூன்று முறை வாசிக்கிறார் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்பது நூலகனுக்குத் தெரியும்.

"ஒரு பிள்ளைக்குக் கழுத்துக்குப் பின்னால தோலுக்கு அடியில தண்ணி கொஞ்சம் கூடுதலா இருக்கு" என்றார். "எல்லாப் பிள்ளைக்கும் இந்த மாசத்துல இருக்கும். இதுக்கு அளவு கொஞ்சம் தாண்டியிருக்கு. வளர்ச்சியில குறை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இது நோய்னு சொல்லல்ல, சந்தேகம்தான். நல்லாப் பிறந்த பிள்ளைகளுக்கும் இப்படி வந்ததுண்டு."

அவர் சொன்னதில் 'சந்தேகம்' மட்டும் என் காதில் நின்றது. அவருடைய அம்புக்குறி திரையின் இடது பாதியில் நின்றது. இடது என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

ஊசியால் பனிக்குட நீரை எடுத்துப் பார்த்தால் உறுதியாகச் சொல்லலாம், இரண்டு பைகளிலும் தனித்தனியே எடுக்க வேண்டும், கர்ப்பத்துக்குச் சிறிய அளவில் ஆபத்து உண்டு, முடிவு உங்களுடையது என்றார். மனைவி என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன். அவள் டாக்டரிடம் திரும்பி, "வேண்டாம் மேடம். வாறது வரட்டும்" என்றாள். ஐந்தாம் மாதம் இருதயம், மூளை எல்லாம் பார்க்கும் ஸ்கேன் இருக்கிறது, அதுவரை பொறுக்கலாம் என்று டாக்டரும் சொன்னார்.

நூலகர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வது கௌரவக் குறைச்சல், வாசித்துத் தெரிந்துகொள்வதே முறை என்று நினைப்பார்கள். அன்று ராத்திரியே தொடங்கினேன். கழுத்து நீரைப் பற்றி இணையத்தில் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். எங்கோ ஒரு நாட்டில் யாரோ தாய்மார்கள் எழுதியதையும், அதற்குக் கீழே முன்பின் தெரியாதவர்கள் சொன்ன ஆறுதலையும் வாசித்தேன். டாக்டரிடம் கேட்க வேண்டிய ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்கவில்லை.

என் அக்காள் கன்னியாகுமரியிலிருந்து போனில் கூப்பிட்டபோது சொன்னேன்: "ஒண்ணு சந்தேகம்னு சொல்லியாவ. ஒண்ணாவது நல்லாருக்கே, அது போதும்." ஆறுதல் சொல்ல வந்தவளுக்கு நான் ஆறுதல் சொன்ன திருப்தியோடு போனை வைத்தேன். அடுக்களை வாசலில் மனைவி கையில் அகப்பையோடு நின்றாள்.

"அப்போ மத்தது யாருக்க பிள்ளை?"

நான் போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தேன்.

இப்படித்தான் அந்தப் பிணக்கு ஆரம்பித்தது. திட்டமிட்டு எதையும் செய்யவில்லை. என்னைப்போன்ற ஆட்களுக்குத் திட்டம் தேவைப்படுவதில்லை. ராத்திரி அவள் பக்கத்தில் உட்கார்ந்து வயிற்றில் கை வைத்துப் பேசுவது என் வழக்கம். கை தானாக வலப்பக்கம் போயிற்று. இடது பக்கமாகச் சாய்ந்து படுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அவளுடைய வலப்பக்கம்தான் மேலே இருந்தது. எனக்கு நல்ல சாக்கு. வலப்பக்கத்துப் பிள்ளையிடம் கல்லூரியில் நடந்ததைச் சொன்னேன். வானம் கறுத்திருக்கிறதா வெளுத்திருக்கிறதா என்று சொன்னேன். என் கட்டுரைகளை அச்சுக்கு அனுப்புமுன் அதற்கு வாசித்துக் காட்டினேன். அது முதன்முதலாக உதைத்தது அப்படியொரு கட்டுரையின் நடுவில்தான். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

இடப்பக்கத்துப் பிள்ளையிடம் ஒன்றும் சொல்லவில்லை. சேர்ந்து பழகிவிட்டால் பிறகு தாங்க முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு நல்ல வாக்கியம் அமைந்துவிட்டால் அதற்குள் எந்த அயோக்கியத்தனத்தையும் வைத்துக் கட்டிவிடலாம். அந்தத் தொழில் எனக்குத் தெரியும்.

ஒருநாள் சாயங்காலம் அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். சாக்குக்கு இடமில்லை. நான் வலப்பக்கம் கை வைத்ததும், அவள் என் மணிக்கட்டைப் பிடித்து இடப்பக்கம் கொண்டுபோய் வைத்தாள். உள்ளே ஏதோ மெதுவாக நகர்ந்தது, தூக்கத்தில் புரள்வதுபோல. நான் கையை எடுத்துக்கொண்டேன். அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்கிறது என்றேன். அடுப்பில் பால் இல்லை. அவளுக்கும் அது தெரியும்.

அந்த இடத்தில் அவள் தன் கையை வைத்துக்கொண்டாள்.

ஐந்தாம் மாதம் அதே அறை, அதே டாக்டர், அதே திரை. நெடுநேரம் பார்த்தார். இருதயத்தின் நான்கு அறைகளையும், முதுகெலும்பையும், விரல்களையும் பார்த்தார். நான் கும்பிடாத சாமிகள் எல்லாரையும் ஒரு சுற்றுக் கும்பிட்டு முடித்திருந்தேன். "குறைன்னு ஒண்ணும் தெரியல்ல" என்றார் கடைசியில். "பிறந்தபிறகுதான் முழுசாச் சொல்ல முடியும். ஆனா எனக்கு நம்பிக்கை உண்டு. அந்தக் கழுத்துத் தண்ணியும் வத்திட்டு. வலப்பக்கத்துப் பிள்ளை நல்லா வளந்திருக்கு."

"இடப்பக்கம் மேடம்" என்று திருத்தினேன். மற்றவர்கள் புத்தகத்தின் பெயரைத் தப்பாகச் சொல்லும்போது திருத்துகிற அதே குரலில்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "திரையில இடது சார். திரையில தெரியுறது எதிர்ப்பக்கம். அம்மாவுக்கு வலப்பக்கம்."

அவர் வேலையைத் தொடர்ந்தார். நான் அங்கே நின்று கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தேன். இத்தனை நாளும் நான் கை வைத்ததும், கதை சொன்னதும், கட்டுரை வாசித்ததும் சந்தேகத்துப் பிள்ளைக்கு. ஒரு சொல்கூடச் சொல்லாமல் தள்ளிவைத்தது, முதல் நாளிலிருந்தே யாரும் எந்தக் குறையும் சொல்லாத பிள்ளையை.

இதுவரை சொன்னதை ஒரு சிரிப்புக் கட்டுரையாக எழுதி அனுப்பிவிடலாம். அடுத்ததை அப்படி எழுத முடியவில்லை. அந்தக் கணத்தில் எனக்கு முதலில் வந்தது வெட்கம் அல்ல. என் மனம் சத்தமில்லாமல் இடப்பக்கம் நகர ஆரம்பித்தது. டாக்டர் இப்போதுதான் இரண்டும் நன்றாக இருக்கின்றன என்று சொல்லியிருந்தார். அப்படியிருந்தும், தப்பான வரிசையில் நின்றுவிட்ட ஆள் அடுத்த வரிசைக்கு மாறுவதுபோல, அது மாறிக்கொண்டிருந்தது. அதை நான் பார்த்தேன். வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. வந்து இன்னும் போகவில்லை.

காரில் திரும்பும்போது பார்வதிபுரம் தாண்டியதும், "நான் பக்கம் மாத்திப் புரிஞ்சிட்டேன்" என்றேன்.

"தெரியும்."

"எப்போ?"

"அண்ணைக்கே. அவங்க அந்தக் கருவிய எந்தப் பக்கம் வச்சு அமுக்கி அமுக்கிப் பாத்தாங்கன்னு என் வயித்துக்குத் தெரியாதா?"

"பின்ன ஏன் சொல்லல்ல?"

"சொன்னா கைய மாத்திருப்பிய" என்றாள். வெளியே வாழைத்தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். குரலில் கோபம் இல்லாதது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "சந்தேகம் சொன்ன பிள்ளைக்குத்தானே கூடுதல் வேணும். அது உங்களுக்கே தெரியாம உங்ககிட்டேருந்து கிடைச்சிட்டிருந்து. கிடைக்கட்டும்னு விட்டேன். மத்ததுக்கும் கொஞ்சம் கிடைச்சா நல்லதுன்னு ஒருநாள் கைய எடுத்து வச்சேன். பால் பொங்கிட்டு."

கொஞ்சதூரம் போனபிறகு கேட்டாள்: "இனி கைய எங்க வைப்பிய?"

நல்லவேளையாக இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன.

அதற்குப்பிறகு இரண்டு பக்கமும் கை வைத்தேன், பேசினேன். ஆனால் அளவு பார்த்துப் பார்த்து வைத்தேன். வலப்பக்கம் பேசியதை அப்படியே இடப்பக்கமும் திரும்பச் சொன்னேன். "பரிமாறுத ஆளு மாதிரி இருக்கு" என்றாள் அவள். உண்மைதான், பந்தியில் விட்டுப்போன இலையைக் கண்டுபிடித்தவனின் பதற்றம் என்னிடம் இருந்தது. இடப்பக்கம் மட்டும் நான் பேசும்போது அசையாமல் இருந்தது. என் கட்டுரைகளை வாசித்தபோதும் உதைக்கவில்லை. அது கோபம் என்று நான் எடுத்துக்கொண்டேன். ரசனை என்றாள் அவள்.

இரண்டும் பெண். எடை கொஞ்சம் குறைவு, வேறொன்றும் இல்லை. குழந்தைகள் நல டாக்டர் தலைமுதல் கால்வரை பார்த்தார். ரத்தம் எடுத்து அனுப்பிய பரிசோதனையும் சரியாக வந்தது. பிறந்த அன்று மனைவி ஆபரேஷன் மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரே தொட்டிலில் இரண்டு பொதிகளாக அவர்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஒரே முகம், ஒரே சுருக்கம், என்னைப் போலவே இருவருக்கும் நெற்றி ஏறியிருந்தது.

எனக்கு ஒரு காரியம் பாக்கி இருந்தது. இடப்பக்கத்துப் பிள்ளையிடம் முதலில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். என்ன சொல்வது என்று பல நாளாக யோசித்து, எழுத்தாளனுக்கு உரிய முறையில் திருத்தி, சுருக்கி வைத்திருந்தேன். தொட்டிலுக்கு மேல் குனிந்தவனுக்கு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. பஞ்சு எடுத்துக்கொண்டு வந்த நர்சிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டேன்: "சிஸ்டர், இதுல எது வயித்துக்குள்ள எடப்பக்கம் இருந்தது?"

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வண்டிக்காளையா சாரே வாங்க வந்திய, எடது வலதுன்னு பாக்கதுக்கு? ரெண்டும் நனைச்சிட்டுக் கெடக்கு. போயி துணி எடுத்துட்டு வாங்க."