டிபன் பையின் அடியில் ஒட்டியிருந்த சீட்டு

பீன்யா தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனி குளிர்பதனக் கிடங்குகளுக்கு அவசர பட்டன் செய்கிறது. கழுத்தில் மாட்டிக்கொள்வது. உள்ளே இருக்கும்போது கதவு சிக்கிக்கொண்டால் அழுத்த வேண்டும். வெளியே காவலாளி அறையில் மணி அடிக்கும். ஒவ்வொரு பட்டனும் எவ்வளவு பவரில் ரேடியோ அலையை அனுப்புகிறது என்று அளந்து, சரிசெய்து, கையெழுத்துப் போடுவது என் வேலை.

பட்டனை நேராக மீட்டரில் கொடுக்க மாட்டோம். நடுவில் பவரைக் குறைக்க ஒரு சின்னத் துண்டை மாட்டுவோம். அது இருபது டெசிபலைக் குறைத்துவிடும், அதாவது பவரை நூறில் ஒரு பங்காக்கிவிடும். அந்த இருபதை நாம் திரும்பக் கூட்டிக்கொள்ள வேண்டும். மீட்டரே அதைக் கூட்டிக் காட்டும்படி முன்கூட்டிப் பதிந்தும் வைக்கலாம். அப்படிப் பதிந்தவர் மீட்டர் மேல் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்ட வேண்டும் என்பது எங்கள் லேபின் வழக்கம்.

அன்றைக்கும் சீட்டு இருந்தது. அதன்மேல் டிபன் பையை வைத்த மகராசி நான்தான். மீட்டர் ஏற்கெனவே கூட்டிய இருபதை நானும் ஒருமுறை கூட்டினேன். கணக்கில் பவர் எகிறிக்கிடந்தது. அடேயப்பா, நல்லவேளை நான் பார்த்தேன் என்ற பெருமையில் நாற்பது பட்டன்களின் பவரையும் இறக்கினேன்.

மூன்று நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை, ஜோகுபாளையம் வீட்டில் பையைத் துவைக்க எடுத்தேன். அடியில் மஞ்சள் சீட்டு. இருபதை இரண்டு முறை கூட்டியிருக்கிறேன். பட்டன்கள் நூறில் ஒரு பங்கு பவரில் ஓடுகின்றன. அந்தக் கனத்த கதவைத் தாண்டவே தாண்டாது. அவை அத்திபெலே கிடங்குக்குப் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது.

எங்கள் மானேஜர் போனை எடுக்கவில்லை. கிடங்குக் காவலாளி எடுத்தார்.

"பட்டன்தானே? லைட்டு நல்லா எரியுது மேடம், சூப்பரா இருக்கு."

"அய்யோ, லைட்ட நம்பாதீங்க! யாரையும் உள்ள விடாதீங்க!"

"ஆபீஸ்ல சொல்லாம நான் எப்படி மேடம் நிறுத்தறது?"

அத்திபெலே பஸ்ஸில் உட்கார முடியவில்லை. ஒவ்வொரு சிக்னலிலும் டிரைவரைத் திட்டினேன், மனசுக்குள். யாராவது இந்நேரம் உள்ளே அழுத்திக்கொண்டிருந்தால்?

போனதும் ஒரு பட்டனை வாங்கிக்கொண்டு, "அஞ்சு நிமிஷம் கழிச்சுத் திறங்க" என்று காவலாளியிடம் சொல்லிவிட்டு உள்ளே போனேன். கதவு மூடியது. அழுத்தினேன். சிவப்பு விளக்கு அழகாக எரிந்தது. திரும்ப அழுத்தினேன். விரல் மரத்துப்போகும்வரை அழுத்தினேன். ஒருவரும் வரவில்லை. திறப்பார்கள் என்று தெரிந்தும் கதவைக் குத்தினேன்.

கதவு திறந்தது. "இன்னும் அழுத்தலையா மேடம்? மணியே அடிக்கலையே" என்றார் காவலாளி.

பக்கத்தில் மூட்டை தூக்கும் ஒருவர், கழுத்தில் பட்டனோடு சிரித்துக்கொண்டு நின்றார். "முந்தியெல்லாம் உள்ள ரெண்டு பேராத்தான் போவோம் மேடம். இது வந்துடுச்சுல்ல, ஒருத்தர் போதும்னுட்டாங்க. நேத்து பூரா நான் ஒண்டியாத்தான் இருந்தேன். பேட்டரி மாத்துனா சரியாயிடும்ல?"

"பேட்டரி இல்லண்ணா. நான் பண்ண தப்பு. நேத்து நீங்க அழுத்தியிருந்தா யாருக்கும் கேட்டிருக்காது."

அவர் பட்டனைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பிறகு அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.