எட்டு மணிக்கு மேல் அழிக்கலாம்

வொயின்ஷெட்டின் தலைக்குள் ஒன்பது வருஷமாக இரண்டு கடிகாரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. வீட்டிலும் கோயிலிலும் ஊர் மணி, பொழுது விடிந்ததிலிருந்து எண்ணுவது. ஆபீசில் சர்வர் காட்டும் மணி. இரண்டுக்கும் ஆறு மணி நேர வித்தியாசம். அடிஸ் அபாபாவில் இதற்கெல்லாம் யாரும் குழம்புவதில்லை. அம்ஹாரிக்கில் சொன்னால் ஊர் மணி, ஆங்கிலத்தில் சொன்னால் சர்வர் மணி. யாரும் யாருக்கும் இதைச் சொல்லிக் கொடுத்ததும் இல்லை.

ஆயிரத்து நானூறு இணையதளங்களை வைத்துக் காப்பாற்றும் அந்தக் கம்பெனியின் அன்றாடப் பாடு முழுக்க அவள் தலையில்தான். காலையில் வந்ததும் எது படுத்துக் கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். கரண்ட் போனால் ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா என்று ஓட வேண்டும். "என் ஹோட்டல் பக்கம் திறக்கலையே, என்னத்தப் புடுங்குறீங்க?" என்று கத்துகிறவனிடம், அவன்தான் வருஷச் சந்தாவைப் புதுப்பிக்க மறந்தான் என்பதை அவன் மனம் நோகாமல் சொல்ல வேண்டும். முதலாளி யிலிக்கால், ஊர் மரியாதையில் 'அத்தோ' யிலிக்கால், "கம்பெனியே இவதான்" என்று பங்குதாரர்கள் முன்னால் சொல்வார். பொது மேலாளர் பதவி இந்த வருஷம் அவளுக்குத்தான் என்றும் தன் வாயால் சொல்லியிருந்தார். அவள் நம்பினாள். அந்த வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருந்தவள் வேறென்ன நினைப்பாள்?

அப்போதுதான் முதலாளியின் அண்ணன் மகன் ரோபெல் டொராண்டோவிலிருந்து வந்து தொழில்நுட்பத் தலைவராக உட்கார்ந்தான். கெட்டவன் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். முதல் நாளே அவள் மேசைக்கு வந்தான்.

"அக்கா, என்கிட்ட அம்ஹாரிக்லயே பேசுங்க. அங்க வளந்து எனக்கு நாக்கே வளைய மாட்டேங்குது, கேட்டுக் கேட்டுப் பழகிக்கிறேன்."

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதன்பின் அவனிடம் ஆங்கிலமே பேசவில்லை.

பழைய சர்வரிலிருந்து நூற்று நாற்பது தளங்களைப் புதியதற்கு மாற்ற வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடியும்போது ஆபீசுக்கு வந்து நகலெடுப்பை அவளே தொடங்கிவிட்டுக் கோயிலுக்குப் போனாள். ரோபெலிடம் முந்தின நாளே சொல்லியிருந்தாள்: "எட்டு மணிக்கு முடிஞ்சிரும். எட்டு மணிக்கு மேல பழசை அழிச்சிரலாம்."

அவள் சொன்னது அம்ஹாரிக் எட்டு, மதியம் இரண்டு. அவன் காலை எட்டுக்கு, காபி குடித்த கையோடு, அழித்துவிட்டான். நகல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஒரு தடவை எட்டிப் பார்க்கவில்லை. பூசை முடிந்து போனைத் திறந்தபோது முப்பத்தேழு அழைப்புகள் தவறியிருந்தன.

தொண்ணூற்று மூன்று தளங்கள் போயே போய்விட்டன. மாற்றுப் பிரதி வைக்கும் வட்டு போன வருஷமே கெட்டிருந்தது. புதியது வாங்கச் சொல்லி மூன்று கடிதம் எழுதியிருந்தாள். "பார்க்கலாம்" என்பதுதான் முதலாளியின் பதில்.

முதலில் போனில் பேசியது, ஒரு தெருவின் பெண்கள் சாவுச் செலவுக்கென்று சேர்ந்து நடத்தும் ஈமச் சங்கத்தின் செயலாளர். பதினொரு வருஷப் பெயர்ப் பட்டியலை, யார் வீட்டுச் சாவுக்கு யார் போனார்கள் என்பது வரை, தன் கையால் ஏற்றியவர்.

"காகிதம் கரையான் அரிக்கும், உங்ககிட்ட இருந்தா பத்திரம்னு நீதானம்மா சொன்ன?"

அந்த வார்த்தையைச் சொன்னது அவளேதான்.

திங்கட்கிழமை முதலாளி அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"பிழை உன்னோடதுன்னு ஒரு கடிதம் எழுதிக் குடும்மா."

"அத்தோ யிலிக்கால், நான் அம்ஹாரிக்ல சொன்னேன். எட்டுன்னா எட்டு. இந்த ஊர்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க."

"அவனுக்குத் தெரியாதுன்னு உனக்குத் தெரியும்ல?"

"அம்ஹாரிக்ல பேசுன்னு சொன்னதே அவர்தான். அந்த வட்டு…"

"வட்டை இப்ப ஏன் இழுக்கிற? புதுசா வந்த தலைவரே அழிச்சிட்டார்னு வெளிய போனா மிச்ச வாடிக்கைக்காரனும் ஓடிருவான். இது அவங்களுக்குக் காட்டத்தான். நமக்குள்ள உண்மை தெரியாதா? உன்னை நான் விட்டுருவேனா?"

எழுதிக் கொடுத்தாள். கம்பெனி நின்றால்தானே பதவியும் நிற்கும் என்று கணக்குப் போட்டாள். அடுத்த இரண்டு வாரம் தொண்ணூற்று மூன்று பேரிடமும் அவளே போனில் மன்னிப்புக் கேட்டாள். எல்லாரிடமும் "என் தப்புதான்" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அது அவளுக்கே உண்மை போலத் தோன்ற ஆரம்பித்தது.

பங்குதாரர் கூட்டத்தில் அந்தக் கடிதத்தை முதலாளி மேசைமேல் வைத்தார்.

"எனக்கும் இவளை மேலாளராக்கத்தான் ஆசை. ஆனா இவ்வளவு பெரிய தப்பைத் தானே ஒத்துக்கிட்டவகிட்ட எப்படிக் கம்பெனியைக் கொடுக்கிறது? இது உன் கையெழுத்துதானே, வொயின்ஷெட்?"

"என் கையெழுத்துதான்."

பதவி ரோபெலுக்குப் போனது. அவள் தன் மேசைக்கு வந்து உட்கார்ந்து, அவன் பெயரில் பொது மேலாளருக்கான மின்னஞ்சல் கணக்கை உருவாக்கினாள். அதுவும் அவள் வேலைதானே.

கடவுச்சொல்லை வாங்கிக்கொள்ள அவனே வந்தான். முகத்தில் வெட்கம் இருந்தது. அவனும் பாவம், கடிதத்தின் கதை அவனுக்கு முழுக்கத் தெரியாது.

"அக்கா, கோபமா? இனிமே தப்பு வரக்கூடாது. நம்ம ஆளுங்க எட்டு மணின்னு சொன்னா, அது எப்போன்னு எனக்கு ஒரு தடவை சரியாச் சொல்லிக் குடுங்களேன்."

கடவுச்சொல் எழுதிய தாளை அவள் அவன் பக்கம் தள்ளினாள்.

"நீங்க எதுக்குக் கத்துக்கணும், சார்? இனிமே நீங்க எப்போ சொல்றீங்களோ, அப்போதான் எட்டு."

அம்ஹாரிக்கில் பேசச் சொல்லி அவன் கேட்ட நாளிலிருந்து முதல் தடவையாக, அவனிடம் அவள் ஆங்கிலத்தில் பேசினாள்.