ஸ்பீக்கரில் கேட்ட இரைச்சல்

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் என் கணவர் முதலில் செய்த காரியம், எங்கள் வரவேற்பறையைச் சின்னத் தியேட்டராக மாற்றியதுதான். தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு பழைய அடுக்குமாடியில் வீடு. மகள் கல்யாணமாகிக் கோலாலம்பூருக்குப் போயிருந்தாள். சுவரை அடைத்துக்கொண்டு ஒரு டிவி, சோபாவைச் சுற்றி ஸ்பீக்கர்கள். சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுத் திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு படம் பார்ப்போம். மழைக் காட்சி வந்தால் எனக்குச் சேலை நனைந்தது போலவே இருக்கும். அதைச் சொன்னால் அவருக்கு அவ்வளவு பெருமை.

ஒரு வருஷம் போல அப்படி ஓடியது. பிறகு அவருக்குச் சத்தம் பிடிக்காமல் போயிற்று.

"ஒரு இரைச்சல் கேக்குதுலா. ங்ஙுன்னு. உனக்குக் கேக்கலையா?"

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வசனம் தெளிவாக இல்லை, இடது பக்க ஸ்பீக்கர் மங்குகிறது என்றார். வயரை மாற்றினார். ஸ்பீக்கரை இடம் மாற்றினார். கடைசியில் குற்றம் கரண்டின்மேல் விழுந்தது. பழைய கட்டடம், லிஃப்டு ஓடும்போதெல்லாம் கரண்டு அழுக்காகிறது, அந்த அழுக்குதான் ஸ்பீக்கரில் இரைகிறது என்று இணையத்தில் படித்துச் சொன்னார். அதற்குப் பவர் கண்டிஷனர் என்று ஒரு பெட்டி இருக்கிறதாம். சுவரிலிருந்து வரும் மின்சாரத்தைச் சுத்தப்படுத்தி டிவிக்கும் ஸ்பீக்கருக்கும் கொடுக்குமாம். தண்ணீர்க் குழாயில் வடிகட்டி மாட்டுவது மாதிரி என்று எனக்கு விளக்கினார்.

நானும் கடைக்குக் கூடப் போனேன். கடைக்காரச் சீனர் நல்ல மனுஷர். "அண்ணே, உங்க வீட்டு கரண்டு நல்லா இருந்தா, இது போட்டாலும் வித்தியாசம் தெரியாது. இடி மின்னலுக்கு நல்லது, அவ்ளோதான்" என்று பாதி மலாயிலும் பாதி தமிழிலும் சொன்னார். இவர் கேட்கவில்லை. கறுப்புப் பெட்டியைக் குழந்தையைத் தூக்குவது போல மடியில் வைத்துக்கொண்டே வீடு வந்தார்.

மாட்டி முடித்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"இப்ப பாரு. படம் பளிச்சுனு இருக்குல?"

"எனக்கு முன்ன மாதிரியேதாங்க இருக்கு."

"சத்தம்?"

"அதுவும் அப்படியேதான்."

அவர் முகம் வாடிப்போயிற்று. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். "இரைச்சல் கொறஞ்ச மாதிரிதான் இருக்கு" என்றார், தனக்கே சொல்லிக்கொள்வது போல. அடுத்த வாரமே மறுபடியும் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்.

ஒரு சாயங்காலம் நல்ல மழை. படம் பாதியில் இருந்தபோது பெரிய இடி ஒன்று இறங்கி, கட்டடம் முழுக்கக் கரண்டு போனது. டிவி அணைந்தது. மின்விசிறி நின்றது. பெட்டியின் சிவப்பு விளக்கும் போயிற்று. சற்று நேரத்தில் மழையும் விட்டது. லிஃப்டு சத்தம்கூட இல்லை. மெழுகுவர்த்தி எடுக்க நான் எழுந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இரு."

"என்னங்க?"

"இன்னும் இரையுது."

இருட்டில் அவர் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. கை மட்டும் சில்லென்றிருந்தது. வெளியே ஜன்னல் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு அவர் இடது காதைப் பொத்தினார், எடுத்தார், மறுபடியும் பொத்தினார்.

"பொத்துனாலும் எடுத்தாலும் ஒண்ணுதான். இந்தக் காதுல ஒண்ணுமே கேக்கலலா. இந்தச் சத்தம் மட்டும்தான் கேக்குது."

மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். இடது காது நரம்பில் ஒரு கட்டி. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் வளர விட முடியாது என்றார் டாக்டர். எடுத்தாலும் அந்தக் காதுக்குக் கேட்கும் சக்தி திரும்பாது. வலது காதும் வயதில் மங்கிக்கொண்டுதான் வருகிறது என்றார். இவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இரைச்சல் போயிருமா, டாக்டர்?" சொல்ல முடியாது என்றார் அவர். கட்டியை எடுத்த பிறகும் போகவில்லை.

அறுவை சிகிச்சை முடிந்து, அதனால் தள்ளாடிய நடை ஓரளவு சரியான பிறகு, ஒரு சனிக்கிழமை படம் போட்டோம். கொஞ்ச நேரம் பார்த்தார். சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே தெரியவில்லை, எல்லாரும் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பேசுகிற மாதிரி இருக்கிறது என்றார். மறுநாள் காலையில் ஸ்பீக்கர்களை அவரே ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து அட்டைப்பெட்டியில் அடுக்கினார். மகள் வீட்டுக்கு அனுப்பப் போகிறாராம்.

"இருக்கட்டுமேங்க" என்றேன். அவருக்குக் கேட்க, வலது பக்கம் போய் நின்று இன்னொரு தரம் சொன்னேன்.

"ரெண்டு காது உள்ளவங்க கேக்கட்டும்லா" என்று சிரித்தார்.

நான் அடுப்படிக்குப் போய், அவருக்குக் கேட்டுவிடக் கூடாதென்று குழாயை முழுக்கத் திறந்துவிட்டு அழுதேன். தண்ணீர் சிங்க்கில் அடித்துக் கொட்டியது. வெகுநேரம் கழித்துத்தான் தோன்றியது, குழாயைத் திறந்திருக்க வேண்டியதே இல்லை. மூடினேன்.

அவர் உள்ளே வந்தபோது என் முகம் ஈரமாக இருந்தது. பார்த்தார். துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்று, கழுவிய தட்டுகளைத் துடைக்கத் தொடங்கினார். ஒன்றும் கேட்கவில்லை.