சூட்டறையில் கிடந்த தீவனம்

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு 'மிளகாய்' என்று பட்டப்பெயர். நேருக்கு நேர் சொல்ல எவருக்கும் தைரியம் கிடையாது. வீட்டில் தங்கை மட்டும் சொல்வாள்: "அக்கா, உன்னை அரைச்சு வச்சா வருஷம் பூரா காரத்துக்குக் கவலையில்லை."

மனிதரைப் போலவே கினிப் பன்றிகளாலும் வைட்டமின் சி-யை உடம்பில் தாமாக உண்டாக்கிக்கொள்ள முடியாது. அது கிடைக்காமல் போனால், சிறுநீரகத்தின் தலையில் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி என்ன பாடுபடுகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. ஒரு கூட்டத்துக்கு வைட்டமின் இல்லாத தீவனம், இன்னொன்றுக்கு முழுத் தீவனம். ஒரு பிராணியும் வீணாகச் சாகக் கூடாது என்பதில் அவளுக்கு அப்படியொரு பிடிவாதம்.

அறுத்துப் பார்த்தால் இரண்டு கூட்டத்திலும் சுரப்பி ஒரேபோல் வீங்கியிருந்தது. முழுத் தீவனம் தின்றவற்றுக்கும், வைட்டமின் சி குறைந்தால் வருவதுபோல், ஈறில் ரத்தம். அவளுக்குப் பொறிதட்டியது. தீவனத்தை வைத்திருந்த குளிரறைக்கு நேரே போனாள். அங்கே துறைத்தலைவரின் புது இயந்திரம் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. தீவன மூட்டைகள் கொதிகலன் அறைச் சுவரோரம் கிடந்தன. கை வைத்தால் சுட்டது. அந்தச் சூட்டில் வைட்டமின் எப்போதோ அழிந்திருக்கும்.

அவள் போய்ச் சொன்னபோது தலைவர் அசரவில்லை. "ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு? வைட்டமினுக்கும் சுரப்பிக்கும் சம்பந்தமில்லைன்னு எழுதிடும்மா."

"பட்டினி கிடந்ததையும் பட்டினி கிடந்ததையும் பக்கத்துல வச்சா வித்தியாசம் எங்கிருந்து சார் வரும்?"

"கத்தாதே. மூட்டையை மாத்தினது ஒரு குத்தமா?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? உங்க மெஷினுக்கு வேர்க்கக் கூடாதுன்னு இத்தனை உயிரைக் கொன்னிருக்கோம் சார்!"

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. அவள் விறுவிறுவென்று கூண்டுகளிடம் போய், மிச்சமிருந்தவற்றின் வாயில் வைட்டமின் சொட்டுகளை விட்டாள். ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது. ஒன்று விரலைக் கடித்தது. "கடி, நல்லாக் கடி. உனக்கு மட்டும் கோபம் வராதா?" என்றாள்.

துறைக் கூட்டத்திலும் போட்டு உடைத்தாள். சக ஆராய்ச்சியாளர்கள் குறிப்பேட்டில் தலையைப் புதைத்துக்கொண்டார்கள். இயந்திரம் குளிரறையை விட்டு வெளியேறியது. அவளும்தான், மாணவர்களின் பயிற்சிக்கூடத்துக்குத் தூக்கியடித்தார்கள்.

அதே ஆராய்ச்சியை வேறொருவர் திரும்பச் செய்தார். வைட்டமின் கிடைக்காத கூட்டத்தில் மட்டுமே சுரப்பி வீங்கியது. கட்டுரையில் தலைவர் எல்லாருக்கும் நன்றி சொல்லியிருந்தார், அவளைத் தவிர.

"விடுக்கா, உண்மை வெளிய வந்துடுச்சுல்ல" என்றாள் தங்கை.

"வந்துச்சு. முதல்ல செத்ததுங்களுக்கு யாரு பதில் சொல்றது?" சாப்பிட்ட தட்டை நங்கென்று கழுவுதொட்டியில் போட்டாள்.